பூம்புகாரில் தற்செயலாக

பெண் பார்க்க வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் தெருவுக்கே வாசம் தெரிந்துவிடும். கேசரி கிண்டுகிற நெய் வாசம் எதிர் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து சேதி மூலைக்கடைக்குப் போகும். வந்தவர்கள் வயிறாரத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போயி போன் பண்றோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போய், பண்ணாமலே இருந்துவிட்டால் போச்சு. பெண்ணைப் பெற்றவள் அப்புறம் பால் வாங்கக்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இப்போது ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கோயிலிலோ துணிக்கடையிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. தற்செயல் என்றால், நாள் குறித்து, ராகுகாலம் தள்ளி, யார் என்ன கலரில் புடவை கட்டி வருவார் என்பதுவரை சொல்லிவைத்த தற்செயல். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு சட்டம். எதற்காக வந்தோம் என்று எந்தத் தரப்பும் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது.

தமிழ்மணிக்கு இந்தச் சட்டம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்காமல் என்ன செய்வது? மகள் வேணிக்கு முப்பது வயது நடக்கிறது. அவள் கல்யாணம் தட்டிப்போவதற்குக் காரணமே அவர்தான் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மனுஷன் சட்டம் பேச முடியுமா?

அவருக்கு அரியமங்கலத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை, ஸ்ரீரங்கத்தில் வீடு. சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டு கிட்னியும் போய்விட்டது. மிஷினில் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிப் பண்ணி ஆள் நாராகிப்போனார். மனைவி ரங்கநாயகிக்குச் சர்க்கரை, அவள் கொடுக்க முடியாது என்றுவிட்டார்கள். கூடப் பிறந்த தம்பியோ, விஷயம் காதில் விழுந்த மறுநாளே செல்போன் நம்பரை மாற்றிக்கொண்ட புண்ணியவான். கடைசியில் வேணி வந்து நின்றாள். கல்யாணம் ஆகாத பெண், யோசித்துச் சொல் என்று டாக்டர்களே திருப்பி அனுப்பினார்கள். அவள் மறுபடி மறுபடி போய் நின்று, காரியத்தை முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். இன்றைக்குத் தமிழ்மணி நடப்பதும் உண்பதும் மகள் கொடுத்த ஒற்றைக் கிட்னியில். அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். துவாக்குடியில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை. காஸ் சிலிண்டரை ஆள் துணையில்லாமல் மாடிக்கு உருட்டிக்கொண்டு போவாள்.

ஆனால் கேட்கிறவர்கள் கேட்கிறபடிதானே கேட்பார்கள். மூன்று இடம் வந்தது. மூன்று இடத்திலும் உண்மையைச் சொன்னார்கள். பிள்ளை தங்குமா என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு எங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வைப்பாளா என்று இன்னொருவர் கேட்டார். மூன்றாமவர் எதையுமே கேட்கவில்லை, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் திருவெள்ளறையிலிருந்து அமிர்தம் உள்ளே நுழைந்தாள். ரங்கநாயகிக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஜோடி சேர்த்துவைப்பதே அவளுக்குப் பொழுதுபோக்கு, அதில் புண்ணியம் சேர்வதாக வேறு கணக்கு. சீர்காழியில் நல்ல இடம், பையன் பிரவீன்ராஜ் ஓசூரில் வேலை பார்க்கிறான், ஜாதகம் பத்துக்கு எட்டு என்று அடுக்கினாள். பையனைப் பெற்றவர்கள் மட்டும் முதலில் வந்து பெண்ணைப் பார்ப்பார்களாம். கும்பகோணம் வேண்டாம், அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு சொந்தக்காரன் மேல்தான் விழ வேண்டும். பூம்புகார்தான் சரி. பழைய துறைமுகம் பார்க்க வந்த மாதிரி இருந்துவிடலாம்.

ஆபரேஷன் விஷயம்? அதை நிச்சயம் முடிந்தபிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். தமிழ்மணி முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க தம்பி. இது பொய்கூட இல்ல, சொல்லாம விடுறதுதான்" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். அமிர்தம் கூட வருவதாகத்தான் இருந்தது. குளியலறையில் வழுக்கிக் கால் பிசகிவிட்டதால், போனிலேயே அடையாளம் சொல்லி அனுப்பினாள். பையனின் அம்மா மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருப்பாள், கையில் ஒரு பிரம்புக்கூடை இருக்கும். அவர்கள் கையில் வேணியின் போட்டோ இருப்பதால் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நீங்கள் பாட்டுக்கு இருங்கள்.

வேணிதான் கார் ஓட்டினாள். கல்லணை தாண்டி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரியும் கூடவே வந்தது. ஸ்ரீரங்கத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கத்திப் பேச வேண்டிய அகலத்தில் ஓடுகிற ஆறு, பூம்புகார் கிட்டப் போகப் போக இளைத்து வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது. வழியெல்லாம் ரங்கநாயகி பாடம் நடத்தினாள். நிமிர்ந்து பார்க்காதே, ரொம்பக் குனியவும் செய்யாதே, சம்பளத்தைக் கேட்டால் சொல், வேறு எதைக் கேட்டாலும் அம்மாவைப் பார். வேணி எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாள். நடுநடுவே, "அப்பா, தண்ணி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தினமும் பத்துத் தடவை கேட்கிற கேள்விதான். ஒவ்வொரு தடவையும் தமிழ்மணிக்குக் கடன்காரன் வாசலில் வந்து நின்ற மாதிரி இருக்கும்.

முதலில் கலைக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு காலேஜ் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடலிலிருந்து வந்த சரக்கு, கடலுக்குப் போகிற சரக்கு, இரண்டும் இந்தத் துறையில்தான் மலையாகக் குவிந்து கிடக்குமாம். சோழனின் சுங்க ஆட்கள் ஒவ்வொரு மூட்டையாகச் சோதித்து, புலி முத்திரை குத்திய பிறகுதான் வெளியே விடுவார்களாம். என் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு, தமிழ்மணி முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெளியே வருகிற படிக்கட்டில், அரக்கு நிறச் சுங்குடிப் புடவை கட்டிய ஓர் அம்மாள் செருப்பு வார் அறுந்து தடுமாறினாள். வேணி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தன் கொண்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி வாரை இழுத்துக் குத்திக் கொடுத்து, "மெதுவா நடங்க, கடக்கரை மணல் வரைக்கும் தாங்கும்" என்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரங்கநாயகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் வந்து நிற்கப்போகிற நேரத்தில், யாரோ ஒருத்தியின் செருப்பைத் தொட்டுத் தைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று காதோடு திட்டிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கடற்கரையில் கருங்கல் கொட்டிய தடுப்புக்கு இந்தப்பக்கம், சுண்டல்காரன் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தாள் சம்பந்தியம்மாள். மயில்கழுத்துப் பட்டு. கையில் பிரம்புக்கூடை. ரங்கநாயகி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தற்செயலாகப் பக்கத்தில் போய் நின்று, தற்செயலாகச் சுண்டல் வாங்கி, தற்செயலாக அந்த அம்மாளுக்கும் ஒரு பொட்டலம் நீட்டினாள். ஒட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாள் நல்ல கலகலப்பான பேர்வழி. எந்த ஊர், என்ன தொழில், சொந்த வீடா என்று கேட்டாள். வேணியைப் பார்த்துவிட்டு, பொண்ணுக்கு என்ன வயசு, என்ன சம்பளம் என்று கேட்டாள். கேட்கக் கேட்க ரங்கநாயகிக்கு முகம் பூரித்தது. இப்படி உரிமையாக விசாரிக்கிற சம்பந்தி எங்கே கிடைப்பாள்?

தமிழ்மணி இரண்டடி தள்ளி, கடலைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். காதெல்லாம் இங்கேதான். அந்த அம்மாள் சர்வ சாதாரணமாக அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"பொண்ணுக்கு ஏதாச்சும் ஆபரேஷன் கீபரேஷன் நடந்திருக்குங்களா?"

"அய்ய, அதெல்லாம் ஒன்னுமில்லிங்க. ஒரு தலவலின்னு படுத்ததில்ல" என்றாள் ரங்கநாயகி.

தமிழ்மணி மகளைப் பார்த்தார். வேணி தலையைக் குனிந்துகொண்டு, காகிதத்தில் மிச்சமிருந்த சுண்டலை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவருக்கு உயிரே போய்விட்ட மாதிரி இருந்தது. இந்த உடம்புக்குள் உட்கார்ந்துகொண்டு ராப்பகலாக உழைக்கிறதே, அது ஒன்றுமில்லையா? அவள் வயிற்றோரம் போட்டிருக்கிற தையல் ஒன்றுமில்லையா? ரங்கநாயகி மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் பெற்ற வயிறு, அது பொய்தான் சொல்லும். எல்லாக் கோபமும் அவர் மேலேயே திரும்பியது. அங்கே நிற்க முடியாமல் நடையைக் கட்டினார்.

காவிரி கடலில் கலக்கிற இடம்வரைக்கும் நடந்தார். அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், இவர் வயசுதான் இருக்கும். நகர்ந்து இடம் கொடுத்தார். தமிழ்மணியின் செல்போனில் மாத்திரை மணி அடித்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பாட்டில் காரில் இருப்பது ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பிரிக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து நீட்டினார்.

"சுகருங்களா?" என்று விசாரித்தார்.

"இல்லிங்க, கிட்னி" என்றார் தமிழ்மணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எம்பொண்ணு குடுத்தது" என்றும் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்வதைக் கூடப் பிறந்தவனிடம் சொல்ல மாட்டோம். இறங்கிப்போகிறவன்தானே என்ற தைரியம். தமிழ்மணிக்கும் அந்தத் தைரியம்தான் வந்தது. அணை உடைத்துக்கொண்ட மாதிரி எல்லாவற்றையும் கொட்டினார். மிஷினில் படுத்தது, தம்பி நம்பரை மாற்றியது, வேணி பிடிவாதம் பிடித்தது, மூன்று இடம் வந்து திரும்பியது, அமிர்தத்தின் யோசனை, எதையும் விடவில்லை. அதோ மயில்கழுத்துப் புடவையில் நிற்கிறாளே, அவள்தான் பையனின் அம்மா, சற்றுமுன் என் மனைவி அவளிடம் பச்சைப் பொய் சொன்னாள் என்பதுவரை சொன்னார்.

வெள்ளைச் சட்டைக்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"இதுல உங்களுக்கு என்னங்க பயம்?" என்றுமட்டும் கேட்டார்.

"நாளைக்குத் தெரிஞ்சா, ஏமாத்திட்டாங்கன்னு எம்புள்ளையத்தான் பேசுவாங்க. எனக்கு உசுரு குடுத்துட்டு, அவ காலத்துக்கும் ஒருத்தர் வீட்ல தலகுனிஞ்சு நிக்கணுமா? அதுக்கு இவ கல்யாணமே பண்ணிக்காம எங்கூடயே இருக்கட்டுங்க. நான் போயி அந்தம்மாகிட்ட சொல்லத்தான் போறேன். கால்தான் வரமாட்டேங்குது."

"இருங்க, வந்துடுறேன்" என்று வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கரையோரமாகப் போய்விட்டார். போகட்டும், ஊர் பார்க்க வந்த மனுஷனிடம் சோகத்தைக் கொட்டினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று தமிழ்மணி நினைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு லேசாகியிருந்தது. இப்போது கால் வரும் போலிருந்தது. எழுந்து நின்றார்.

அதற்குள் ரங்கநாயகியே வேணியை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறந்த தேதிவரைக்கும் கேட்டுக் குறித்துக்கொண்டாளாம், வீட்டுக்கே வருவதாகச் சொன்னாளாம், கார்டுகூடக் கொடுத்திருக்கிறாளாம். தமிழ்மணி கார்டை வாங்கிப் படித்தார். லூர்துராணி, ஆயுள் காப்பீட்டு முகவர், நாகப்பட்டினம் என்று போட்டிருந்தது. மறுபடியும் படித்தார். கார்டு மாறவில்லை.

"ஏன் நாயகி, பையனோட அம்மா பேரு ஆனந்தவள்ளின்னுல்ல அமிர்தம் சொன்னாங்க?"

ரங்கநாயகி கார்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அமிர்தம். வேணி வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அமிர்தம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். ஆனந்தவள்ளி கடைசி நேரத்தில் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாளாம். நாம் பார்ப்பது தெரிந்தால் எந்தப் பெண்ணும் தன் இயல்பில் இருக்க மாட்டாள், தெரியாமல் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாம். அரக்குக் கலர் சுங்குடியாம். அவள் வீட்டுக்காரர் அழகர்சாமி, வெள்ளைச் சட்டை, இத்தனை நேரம் தமிழ்மணியிடம்தான் பேசிக்கொண்டிருந்தாராம். இப்போதுதான் போன் பண்ணினாராம். "தம்பிகிட்ட அப்பிடி என்னத்தப் பேசுனாருன்னு கேளுடி, அந்த மனுஷன் தொண்டையே சரியில்லாம பேசுறாரு" என்றாள்.

வேணி போனை அணைத்தாள்.

"என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டாள் ரங்கநாயகி.

"எல்லாத்தையும்" என்றார் தமிழ்மணி.

ரங்கநாயகி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நாலாவது இடமும் போச்சு, எம்மக தலையெழுத்து இதுதான் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ்மணி மகளை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார். பார்த்தால், வேணி சிரித்துக்கொண்டிருந்தாள். நெடுநாளாகத் தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையை இறக்கிவைத்த சிரிப்பு.

"மூணு நாளா நானும் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே இருந்தேம்பா. எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. நீங்க முந்திக்கிட்டீங்க" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, எதிரே அழகர்சாமியும் ஆனந்தவள்ளியும் மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஊக்கு குத்திய செருப்பு ஆனந்தவள்ளியின் கையில் இருந்தது. ரங்கநாயகி பதறி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். தமிழ்மணி கையைக் குவித்தார். யாரென்று தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொல்லலாமா, வேண்டுமென்றே மறைக்கப் பார்த்தோம் என்று சொல்லலாமா? எதைச் சொன்னாலும் அசிங்கம்தான்.

அழகர்சாமி அவருடைய குவித்த கையைப் பிடித்து இறக்கினார்.

"மன்னிச்சுக்குங்க. யாருன்னு சொல்லாம கேட்டுக்கிட்டு இருந்தது என் தப்பு" என்றார். "நாங்களும் நாலு வருஷமா அலையுறோம். போன வீட்ல எல்லாம் ஒரு கொறையும் இல்லன்னுதான் சொன்னாங்க. எங்களுக்கு அதக் கேட்டாலே பயமாயிருக்கும். பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அடுத்த வாரம் வந்து உங்க பொண்ணுகிட்ட நேர்ல பேசணுங்கறான். அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்."

ஆனந்தவள்ளி இதையெல்லாம் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. அவள் வேணியின் பக்கத்தில் போய் நின்றாள். அடுத்து வரப்போவது என்ன கேள்வி என்று தமிழ்மணிக்கு மனப்பாடமாகத் தெரியும். பிள்ளை தங்குமா. பாரம் தூக்கலாமா. வைத்தியச் செலவு. டாக்டர் சொன்ன பதில்களை வரிசையாக நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரொம்ப வலிச்சுதாம்மா?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

வேணி பதில் சொல்ல வாயெடுத்தாள். மூன்று வீட்டார் வந்து போயிருக்கிறார்கள், தெருவே வந்து துக்கம் விசாரித்திருக்கிறது, இந்த ஒரு கேள்வி மட்டும் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. தமிழ்மணியே கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், இத்தனை வருஷமும் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்.

"வலிச்சுதுங்க" என்றாள் வேணி. "இருமுனாகூட உசுரு போகும். அப்பா பக்கத்து ரூம்ல இருந்தாங்க, கேட்ரும்னு தலகாணிய வாயில வச்சுக்குவேன். ஒரு மாசத்துல சரியாப் போச்சு. இப்ப ஒன்னும் இல்லிங்க, நெசமாவே ஒன்னும் இல்ல." சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனந்தவள்ளி திரும்பி, கூடை வைத்துக்கொண்டு போன பூக்காரியைக் கூப்பிட்டாள். மல்லிகைச் சரத்தைப் பேரம் பேசாமல் வாங்கினாள். பையனைப் பெற்றவள் கையில் பூவோடு பெண்ணின் முன்னால் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ரங்கநாயகிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கணவரின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மவன் பேசுறது அப்பறம். இது நான் வைக்கிற பூ. வைக்கட்டுமா?" என்றாள் ஆனந்தவள்ளி.

வேணி அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தாள். பூவைச் செருக ஊக்கு வேண்டியிருந்தது. ஆனந்தவள்ளி தன் செருப்பு வாரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரங்கநாயகி அவசர அவசரமாகத் தன் தலையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

தமிழ்மணி கொஞ்சம் ஒதுங்கிப் போய்க் கடலைப் பார்த்து நின்று அழுதார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் அத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை. இத்தனை சுலபமாக மூச்சு விட முடியும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

திரும்பி வரும்போது ரங்கநாயகி முன் சீட்டில் உட்கார்ந்து சமையல்காரர் யார், பத்திரிகையில் யார் பேர் முதலில் என்று ஆரம்பித்துவிட்டாள். பையனே இன்னும் வந்து பேசவில்லை என்று வேணி சொன்னதெல்லாம் எடுபடவில்லை. அந்த லூர்துராணியிடம் சொன்ன பொய் மட்டும் ரங்கநாயகிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மயிலாடுதுறை தாண்டியதும் கார்டைப் பார்த்து அவளுக்குப் போன் போட்டு, எம்பொண்ணுக்கு ஒரு ஆபரேஷன் நடந்திருக்குங்க, அவ அப்பாவுக்குக் கிட்னி குடுத்தா என்று பெருமையாகச் சொன்னாள். பாலிசி எடுக்கிற உத்தேசம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள்.

"அப்பா, புலி முத்திரை குத்தி வெளிய விட்டுட்டாங்க, கவனிச்சீங்களா?" என்று வேணி கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேலி பண்ணினாள். மல்லிகை வாசம் கார் முழுக்க இருந்தது. ஆறு வழிநெடுக அகலமாகிக்கொண்டே வந்தது. திருவையாறு பக்கம் வரும்போது, வழக்கம்போலக் கேட்டாள்.

"தண்ணி குடிச்சீங்களாப்பா?"

தமிழ்மணி பாட்டிலைத் திறந்து, அடிவரைக்கும் குடித்தார்.